கூரைக்கு மருந்தடித்த கதை

1

அமெரிக்காவுக்கு வந்து இருபது வருடம் நிறைந்த அன்று எனக்கு வந்த ஒரே கடிதம் என் வீட்டுக் கூரையைப் பற்றியது. வாழ்த்துச் சொல்லி யாரும் எழுதவில்லை; நானும் எதிர்பார்க்கவில்லை. ஆனால் அந்த நாளாகப் பார்த்து எங்கள் குடியிருப்போர் சங்கம் மூன்று வண்ணப் படங்களோடு ஒரு கடிதம் அனுப்பியிருந்தது. மூன்றிலும் என் கூரை. யாரோ தெருவில் நின்று எங்களுக்குத் தெரியாமல் எடுத்திருக்கிறார்கள். வடக்குச் சரிவில் மேலிருந்து கீழாக வழிந்திருந்த கறுப்புக் கறையைச் சிவப்பு வட்டம் போட்டுக் காட்டியிருந்தார்கள்.

கடிதத்தின் சாரம் இதுதான். உரிமையாளரின் அலட்சியத்தால் கூரை கறை படிந்திருக்கிறது. முப்பது நாளுக்குள் சுத்தம் செய்ய வேண்டும். செய்யாவிட்டால் நீச்சல் குளத்தையும் பொது மண்டபத்தையும் பயன்படுத்தும் உரிமை நிறுத்தி வைக்கப்படும். கீழே சங்கத் தலைவி டயான் கையெழுத்துப் போட்டிருந்தாள். நான்கு வீடு தள்ளி இருப்பவள். தினமும் காலையில் நாயோடு போகும்போது எனக்குக் கை காட்டுவாள். அன்று காலையும் காட்டினாள்.

நீச்சல் குளத்தை அவர்களே வைத்துக்கொள்ளட்டும். எனக்கு மண்டபம் வேண்டும். ஜூன் முதல் சனிக்கிழமை அங்கே என் மகள் கயலின் பள்ளிப் படிப்பு முடிந்த விருந்து. ஜனவரியிலேயே சொல்லி வைத்த இடம். கயலுக்குக் காதுகுத்து, ஊருக்குப் போன மூன்று வார லீவில் அவசர அவசரமாக நடந்தது. பெரியவளானபோது சடங்கு வேண்டவே வேண்டாம் என்று அழுதாள்; சரி என்று விட்டுவிட்டேன். அவளே கேட்டு, அவளே ஆசைப்பட்ட விசேஷம் இது ஒன்றுதான். ஆகஸ்டில் கல்லூரிக்குப் போய்விடுவாள். அதற்குப் பிறகு அவள் வாழ்க்கையில் எதையும் நான் முன்னால் நின்று நடத்தப் போவதில்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும். எண்பது பேருக்கு என் கையால் சோறு போட வேண்டும். இவ்வளவுதான் நான் கேட்டது.

அலட்சியமாம். அந்த ஒரு சொல்லை நான்கு தடவை படித்தேன். நான்கு தடவையும் அது அப்படியேதான் இருந்தது.

2

ஊரில் இருப்பவர்களுக்கு இந்தக் கூரையைக் கொஞ்சம் விளக்க வேண்டும். நாங்கள் இருக்கும் நார்த் கரோலினாவில் முக்கால்வாசி வீடுகளுக்கு ஷிங்கிள் கூரைதான். தாரில் ஊறிய அட்டை, அதன் மேல் கல் பொடி. தொட்டால் உப்புத்தாள் மாதிரி சொரசொரக்கும். வெற்றிலை அடுக்குவது போல ஒன்றின் மேல் ஒன்றைப் பாதி ஏற்றி ஆணி அடித்துவிடுவார்கள். இதில் வத்தல் காயப்போட முடியாது, துணி உலர்த்த முடியாது, கோடையில் பாய் விரித்துப் படுக்கவும் முடியாது. ஏறி நின்றாலே பாழாகிவிடும் என்கிறார்கள். பிறகு எதற்கு என்றால், மழைக்கும் வெயிலுக்கும் ஒதுங்க. அதைவிட முக்கியமாக, தெருவில் போகிறவர்கள் பார்க்க.

அந்தக் கறுப்புக் கறை அழுக்கே இல்லை. அது ஒரு பாசி. காற்றில் வரும். வெயில் குறைவாகப் படும் வடக்குச் சரிவில் ஈரத்தைப் பிடித்துக்கொண்டு உட்காரும். அட்டையில் சுண்ணாம்புக்கல் தூளையும் சேர்த்திருக்கிறார்கள். அதைத் தின்று வளரும். வெயிலில் கருகாமல் இருக்கத் தன்மேல் தானே கறுப்புப் போர்வை போர்த்திக்கொள்ளும். ஆக, தீனி போட்டது கூரை செய்தவன். விதை கொண்டுவந்தது காற்று. நிழல் கொடுத்தது பக்கத்து ஓக் மரம். அதில் ஒரு கிளையை வெட்டக்கூட சங்கம் அனுமதிக்காது. அலட்சியம் மட்டும் என்னுடையது. நன்றாக இருக்கிறதே நியாயம்!

என் கணவர் பழனிசெட்டிபட்டிக்காரர். கடைக்காரக் குடும்பம். வாடிக்கையாளர் காறித் துப்பினாலும் துடைத்துவிட்டு "வேற என்ன வேணும்ணே?" என்று கேட்கிற பரம்பரை. கடிதத்தைப் படித்துவிட்டு அவர் சொன்னது:

"ஒரு ஸாரி எழுதிப் போட்டுட்டு, கழுவி விட்டுருவோம் செல்வி. எதுக்கு வம்பு?"

"நான் எதுக்கு ஸாரி சொல்லணும்? நானா போய்ப் பாசி நட்டேன்?"

"நீ நட்டேன்னு யாரு சொன்னா? அவுக எழுதுறது அப்படித்தான். எல்லாத்துக்கும் ஒரே லெட்டர் வெச்சிருப்பாக."

எல்லோருக்கும் ஒரே கடிதம் என்பதில் அவருக்கு ஆறுதல். எனக்கு அதுதான் எரிச்சல்.

3

சங்கத்தின் அலுவலகத்துக்குப் போன் போட்டேன். இருபது நிமிடம் பாட்டுக் கேட்டபின் ஒரு பையன் எடுத்தான். மிக மரியாதையாகப் பேசினான். கூரைமேல் எந்தப் பொருளைத் தெளிப்பதாக இருந்தாலும் அனுமதி வாங்க வேண்டுமாம். அதற்கு ஒரு படிவம். படிவத்தை மாதம் ஒருமுறை கூடும் கமிட்டி பார்க்கும். இந்த மாதக் கூட்டம் நேற்றுதான் முடிந்தது. அடுத்த கூட்டத்துக்கு முப்பத்து நான்கு நாள் இருக்கிறது.

"முப்பது நாளில் கழுவாவிட்டால் குற்றம். அனுமதி கிடைக்க முப்பத்து நான்கு நாள். நடுவில் நான் என்ன செய்வது?" என்று கேட்டேன்.

"நல்ல கேள்வி" என்றான்.

அனுமதி பெற்ற ஆட்களை வைத்துக் கழுவினால் படிவம் தேவையில்லை என்று ஒரு பட்டியல் அனுப்பினான். பட்டியலில் இருந்த மூன்று பேரையும் கூப்பிட்டேன். மூன்று பேருக்கும் ஜூலையில்தான் நேரம் இருந்தது.

ஊர் அலுவலகங்கள் ஒழுங்கு என்று நான் கதைவிடப் போவதில்லை. பட்டா மாறுதலுக்கு என் அண்ணன் உத்தமபாளையத்துக்கு நடந்த நடை ஊருக்கே தெரியும். ஆனால் அங்கே கத்துவதற்கு ஒரு முகம் இருக்கும். மேசைக்கு அந்தப் பக்கம் ஒருவர் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருப்பார். நாம் கத்தினால் அவரும் கத்துவார். வெளியே வந்தால் மனது கொஞ்சம் லேசாக இருக்கும். இங்கே யாரும் குரலை உயர்த்துவதில்லை. "உங்கள் மன வருத்தம் எனக்குப் புரிகிறது" என்று சொல்லியே உயிரை வாங்கிவிடுகிறார்கள்.

4

படிவத்தை ஓரமாக வைத்துவிட்டு நாங்களே இறங்கினோம். முதல் முயற்சி கணவருடையது. அலுவலக நண்பரிடம் தண்ணீரைப் பீய்ச்சி அடிக்கும் இயந்திரத்தை இரவல் வாங்கி வந்தார். கார் நிறுத்தும் இடத்தைப் பளபளவென்று ஆக்கிய இயந்திரம்தான். ஏணியில் நாலு படி ஏறி அடித்தார். கறுப்புப் போனது. கூடவே கல் பொடியும் போனது. தூம்பு வழியாகக் கேப்பை கொட்டுகிற மாதிரி சலசலவென்று கீழே கொட்டியது. தாரட்டை இளித்தது. இன்னும் பத்து நிமிடம் அடித்திருந்தால் கறையும் இருந்திருக்காது, கூரையும் இருந்திருக்காது.

ஹார்டுவேர் கடையில் ஒரு நடுத்தர வயதுப் பெண் எனக்கு முறையைச் சொல்லிக் கொடுத்தாள். ஷிங்கிளுக்கு வேகமான தண்ணீர் ஆகாது, தேய்க்கவும் கூடாது. ப்ளீச்சும் தண்ணீரும் சரிபாதி. வெயில் ஏறாத நேரத்தில் மெதுவாகத் தெளித்து, இருபது நிமிடம் ஊறவிட்டு, தோட்டத்துக் குழாய்த் தண்ணீரில் அலசிவிட வேண்டும். கீழே செடிகள் இருந்தால் முன்னும் பின்னும் நனைத்துவிட வேண்டும். ப்ளீச் பட்ட இடத்தில் வேறு எதையும் கலக்கக் கூடாது, விஷக் காற்று கிளம்பும்.

கணவருக்கு உயரத்தில் தலை சுற்றும். ஓடைப்பட்டியில் கிணற்று மேட்டில் ஓடி வளர்ந்தவள் நான். புகைபோக்கியில் கயிற்றைக் கட்டி இடுப்பில் முடிந்துகொண்டு ஏறினேன். கீழே அவர் ஏணியைப் பிடித்துக்கொண்டு, "பாத்து, பாத்து" என்று ஜபம் பண்ணிக்கொண்டிருந்தார். முக்கால்வாசிக் கறை கண் முன்னால் வெளுத்தது. எனக்கே சந்தோஷம்.

மிச்சம் கால்வாசி இருக்கிறதே, அதுதான் ஆளைக் கொல்லும். குளியலறைக் காற்றுக்குழாய்க்குக் கீழே இரண்டு முழ நீளத்துக்குக் கறுப்பு அப்படியே நின்றது. அதைச் சுற்றி முதுகில் தேமல் விழுந்த மாதிரி சாம்பல் நிறத் திட்டுகள், வேர்விட்டுக் கல் பொடியைக் கவ்விக்கொண்டிருந்தன. இரண்டாம் தடவை அடித்தேன். மூன்றாம் தடவை அடித்தேன். அசையவில்லை. கடைக்காரப் பெண்ணிடம் போனேன். "அது செத்துவிட்டது. இனி மழை கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டுபோகும். அப்படியே விடு" என்றாள்.

எத்தனை நாளாகும் என்று கேட்டேன். ஆறு மாதம், ஒரு வருடம் என்றாள்.

என்னிடம் இருந்தது பதினாறு நாள்.

5

அன்று கூரையில் உட்கார்ந்து அந்தக் கறையை முறைத்துக்கொண்டிருந்தபோதுதான் ஒன்று கண்ணில் பட்டது. புகைபோக்கியைச் சுற்றிச் செம்புத் தகடு அடித்திருந்தார்கள். அதற்குக் கீழே, தகட்டின் அகலத்துக்கு, கூரை முழுக்கச் சுத்தமாக இருந்தது. அந்த இடத்தில் நான் ப்ளீச்சே அடிக்கவில்லை. மழைத் தண்ணீர் செம்பைத் தொட்டு வழிந்த வழியெல்லாம் பாசி ஒண்டவில்லை.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. செம்பைப் பற்றி எனக்கா பாடம்? செம்பிலிருந்து வரும் மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் கலந்து திராட்சைப் பந்தலுக்கு அடிக்கிற வீட்டில் பிறந்தவள் நான். ஐப்பசி மழை பிடித்தால் இலைக்கு அடிச்சாம்பல் நோய் வந்துவிடும். அதற்கு முன்னால் இந்தப் போர்டோ கலவையை அடித்தாக வேண்டும். பந்தல் தலைக்கு மேல் இருப்பதால் அடிக்கிற மருந்தில் பாதி நம் மேல்தான் இறங்கும். அண்ணனின் சட்டை, என் பாவாடை, மோட்டார் ரூம் சுவர், எல்லாம் நீலம்.

அண்ணனுக்குப் போன் போட்டேன். இன்னமும் ஓடைப்பட்டியில் திராட்சைதான் போட்டிருக்கிறார்.

"அண்ணே, போர்டோவுக்கு அளவு என்ன? மறந்துபோச்சு."

"எதுக்குத்தா? அங்கன பந்தல் போட்டுருக்கியா? சொல்லவேயில்ல."

"பந்தல் இல்லண்ணே. வீட்டுக் கூரைக்கு."

அண்ணன் மோட்டாரை அணைத்துவிட்டு வந்தார்.

"ஏ செல்வி, வெயில்ல கியில்ல நின்னியா? கூரைக்கு மருந்தடிச்சா என்ன காய்க்கும்?"

பாசியைப் பற்றியும், கடிதத்தைப் பற்றியும், கயல் விருந்தைப் பற்றியும் சொன்னேன். அண்ணனுக்கு ரோஷம் வந்துவிட்டது. தாய்மாமன் அல்லவா.

"மருமக விசேசத்துக்கு மண்டபம் தரமாட்டேன்னு சொல்றாகளா? எவுக அவுக? எழுதிக்கத்தா. நூறு லிட்டருக்கு ஒரு கிலோ துத்தம், ஒரு கிலோ சுண்ணாம்பு. தனித்தனியா கரைக்கணும். இரும்பு வாளியத் தொட்றாத, பிளாஸ்டிக்குல கரை. துத்தத் தண்ணியச் சுண்ணாம்புல ஊத்து, மாத்தி ஊத்திராத. பொறகு கத்திய முக்கிப் பாரு. செவப்பு ஏறுச்சுன்னா சுண்ணாம்பு பத்தலன்னு அர்த்தம்."

"கறை ரொம்பப் பிடிவாதமா இருக்குண்ணே."

"அப்ப ரெண்டு மடங்காப் போடு. ஒட்டும் பசைய மறந்துராத. பசை ஊத்தாம அடிச்சா ஒரு மழைக்குத் தாங்காது, அம்புட்டும் கழுவிக்கிட்டுப் போயிரும்."

இந்த இடத்தில் நாங்கள் இரண்டு பேருமே ஒரு நிமிடம் நின்று யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. மருந்து மழையில் போய்விடக் கூடாது என்பதுதான் தலைமுறை தலைமுறையாக எங்கள் குடும்பத்தின் கவலை. அடித்தது ஒட்டிவிட்டால் அன்றைக்கு நிம்மதியாகச் சாப்பிடுவோம். ஒட்டுவதே தொந்தரவாகிற ஓர் இடமும் உலகத்தில் உண்டு என்பது எங்கள் புத்திக்கு எட்டவே இல்லை.

துத்தம் இங்கே சாக்கடைக் குழாயில் புகுந்த மரவேரைக் கொல்வதற்கென்று டப்பாவில் விற்கிறது. சுண்ணாம்பும் ஒட்டும் பசையும் தோட்டக் கடையில் கிடைத்தன. ப்ளீச் முழுக்க அலசிப் போக ஒரு வாரம் விட்டு, மருந்து மண்ணில் இறங்காதபடி தூம்பு வாயில் வாளி வைத்து, முதுகில் தெளிப்பானைக் கட்டிக்கொண்டு ஏறினேன். கத்தியை முக்கிப் பார்த்தேன். சிவப்பு ஏறவில்லை. கலவை கனகச்சிதம். கறை இருந்த இடத்தில் மட்டும் அடித்தால் திட்டாகத் தெரியுமே என்று வடக்குச் சரிவு முழுவதுக்கும் அடித்தேன். இருபது வருடத்தில் இந்த நாட்டில் நான் இவ்வளவு சரியாக எந்த வேலையையும் செய்ததில்லை.

6

ஈரத்தில் ஒன்றும் தெரியவில்லை. மறுநாள் வெயில் ஏறக் கூரை காய்ந்தது. காயக் காய நீலம் ஏறியது. மயில் கழுத்து நீலம். வடக்குச் சரிவு முழுவதும், முனைக்கு முனை, ஒரே சீராக.

கயல் முந்தின நாள் தோழி எமிலி வீட்டில் தங்கியிருந்தாள். எமிலி, டயானின் மகள். மதியம் கடைக்குப் போகிற வழியில் அவளைக் கொண்டுவந்து விட்டார்கள். வண்டி வாசலில் நின்றபின் வெகுநேரம் கதவு திறக்கவில்லை. பிறகு இறங்கி வந்தாள்.

"அம்மா, நம்ம வீடு ப்ளூவா இருக்கு."

"காஞ்சா வெளுத்துரும்."

"காஞ்சுதான்மா இருக்கு."

"கறை போயிருச்சா இல்லையா பாரு."

"கறை தெரியல. ஏன்னா எல்லாமே கறையா இருக்கு" என்றாள். அவள் தமிழ் அவ்வளவு தெளிவாக இருந்து நான் கேட்டதில்லை. சாயங்காலத்துக்குள் அவள் வகுப்பில் பாதிப் பேர் தெருவில் நின்று படம் எடுத்துவிட்டார்கள்.

இரண்டாவது கடிதம் இரண்டே நாளில் வந்தது. படிவம் பார்க்க முப்பத்து நான்கு நாள் கேட்கிற கமிட்டி, இதற்கு மட்டும் இரண்டு நாள். அனுமதியின்றிக் கூரையின் நிறத்தை மாற்றியது. அங்கீகரிக்கப்பட்ட நிறங்களின் பட்டியலில் நீலம் இல்லை. முந்தைய அலட்சியமும் இதனோடு சேர்த்து விசாரிக்கப்படும். விசாரணை முடியும்வரை மண்டபம் இல்லை.

கறுப்பாக இருந்தால் அலட்சியம். நீலமாக இருந்தால் அதிகப்பிரசங்கித்தனம். எந்தப் பக்கம் போனாலும் அடி என்றால் மத்தளத்துக்குச் சரி, மனுஷிக்கு?

அலட்சியம் என்ற இந்த ஒரு சொல்லுக்கு ஏன் இவ்வளவு ஆட்டம் என்று கணவர் கேட்டார். அவருக்கு நான் சொல்லாத ஒரு விஷயம் உண்டு. எட்டாம் வகுப்பில் என்னை டவுன் பள்ளியில் சேர்த்தார்கள். சேர்ந்த இரண்டாவது மாதம், வகுப்பு டீச்சர் என் வெள்ளைத் தாவணியைப் பிடித்து எல்லோருக்கும் காட்டினார். அதில் நீலத் திட்டு. "வீட்ல துவைக்கிற பழக்கமெல்லாம் கெடையாதா?" என்று கேட்டு வெளியே நிறுத்தினார். அந்தத் தாவணியை முந்தின நாள் சாயங்காலம் அம்மா மூன்று முறை அலசியிருந்தாள். புளியைக் கரைத்து ஊறவைத்து, கல்லில் அடித்து, கை சிவக்கத் தேய்த்தாள். போகவில்லை. துவைக்காததால் வந்த கறை இல்லை அது. பந்தலுக்குள் வேலை செய்ததால் வந்த கறை. அதைச் சொல்ல எனக்கு அன்றைக்கு வாய் வரவில்லை. ஊரில் எல்லாம் அன்புமயம் என்று இங்கே இருந்துகொண்டு எழுதுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருவது இதனால்தான். அலட்சியம் என்ற சொல்லை நான் முதலில் வாங்கியது அமெரிக்காவில் இல்லை.

புளி முழுக்கப் போக்காவிட்டாலும் பாதி போக்கும் என்பது ஞாபகம் வந்தது. புளிப்புத்தானே விஷயம். இங்கே வினிகர். கேன் கேனாக வாங்கி, தெளித்து, அலசி, வாளியில் பிடித்து, இரண்டு சனிக்கிழமை கழிந்தது. மயில் கழுத்து, வெளுத்த லுங்கி நிறத்துக்கு இறங்கியது. அதற்கு மேல் இறங்கவில்லை. ஒட்டும் பசை நல்ல பசை.

7

விசாரணை மே கடைசியில், அதே மண்டபத்தின் பின் அறையில். ஐந்து பேர். நடுவில் டயான். எனக்கு மூன்று நிமிடம். மேசையில் ஒரு கடிகாரம் வைத்து நேரத்தைத் தட்டிவிட்டார்கள். கணவரும் கயலும் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள். வரும்போது காரில் கயல், "ப்ளீஸ்மா, ஸாரி மட்டும் சொல்லிடு" என்று இரண்டு தடவை சொன்னாள்.

நான் ஸாரி சொல்லவில்லை. எழுதிக் கொண்டுபோனதைப் படித்தேன். மகளின் ஃபங்க்‌ஷன் என்றேன். இங்கே விசேஷத்துக்கு அந்தச் சொல்லைச் சொல்வதில்லை; ஒருவர் அது என்ன என்று கேட்டார். அதில் அரை நிமிடம் போனது. மூன்று தடவை ப்ளீச் அடித்த தேதிகளைச் சொன்னேன். கடை ரசீதுகளைக் காட்டினேன். கறை போகாதது வேறு, கவனிக்காதது வேறு என்றேன். "நீலம் என் தப்பு. அதற்கு என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன். கறுப்பு என் அலட்சியம் இல்லை. அந்தச் சொல்லை எடுங்கள்" என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. அந்த அறையில் குரல் உயர்ந்தது என்னுடையது மட்டும்தான்.

ஐந்து பேரும் தலையைச் சேர்த்துவைத்துப் பேசினார்கள். பிறகு டயான் சொன்னாள். அலட்சியம் என்ற சொல்லைப் பதிவிலிருந்து எடுத்துவிடலாம். "இயற்கையான கறை" என்று போடலாம். ஆனால் நிற மாற்றம் தீரும்வரை மண்டபம் தர விதியில் இடமில்லை. அவளுக்கு உண்மையாகவே வருத்தமாக இருக்கிறதாம். எங்கள் குடும்பத்தின் மேல் எல்லோருக்கும் பிரியமாம்.

நான் ஜெயித்துவிட்டேன். அப்படித்தான் நினைத்துக்கொண்டு காரில் ஏறினேன்.

"பாத்தியா கயலு? எடுக்க வெச்சேன்ல?"

பின் இருக்கையிலிருந்து கயல் சொன்னாள்: "எமிலியோட அம்மா அவங்க வீட்டுத் தோட்டத்துலயே பார்ட்டிய வெச்சுக்கலாம்னு சொன்னாங்கம்மா. போன வாரமே சொன்னாங்க. நான் ஓகே சொல்லிட்டேன்."

பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிற கதையாக இருக்கிறதே என்று கத்தினேன். மண்டபத்தைப் பிடுங்கிக்கொண்டு தன் வீட்டைக் கொடுக்கிறாளா? யாருக்கு வேண்டும்? நம் வீட்டுத் தோட்டத்தில் வைத்துக்கொள்ளலாம், நமக்கு இடமா இல்லை என்றேன்.

"நம்ம வீட்டுலயா? எல்லாரும் கூரையத்தாம்மா பாப்பாங்க."

"பாக்கட்டும். பாத்தா என்ன?"

"உனக்கு ஒண்ணும் இல்லம்மா" என்றாள் கயல். "எனக்கு இருக்கு."

கணவர் திரும்பி என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்ல வேண்டாம் என்று அர்த்தம். அந்த ஒருநாள் மட்டும் அவர் பேச்சைக் கேட்டேன்.

8

எதுவும் கொண்டுவர வேண்டாம், வந்தால் போதும் என்று டயான் செய்தி அனுப்பினாள். என் மகள் விசேஷத்துக்கு நான் வெறுங்கையோடு வந்தால் போதுமாம். எண்பது பேருக்குச் சமைக்க வேண்டிய கை, மனது கேட்குமா? முப்பது பேருக்கு வரும்படி மட்டன் பிரியாணி செய்து தூக்கிக்கொண்டு போனேன். டயான் மிக்க சந்தோஷமாக வாங்கி, நீளமான மேசையின் கடைசியில் வைத்து, "காரம்" என்று ஓர் அட்டை எழுதிப் பக்கத்தில் நிறுத்தினாள். நல்ல மனசில்தான் செய்தாள். அது எனக்குத் தெரியும். தெரிந்ததால்தான் கோபப்படக்கூட வழியில்லாமல் போயிற்று.

விருந்து நன்றாக இருந்தது. பொய் சொல்லக் கூடாது. மரத்துக்கு மரம் விளக்குத் தொங்கவிட்டிருந்தார்கள். கயலின் குழந்தைப் படங்களை நூலில் கோத்துக் கட்டியிருந்தார்கள். நான் கயலிடம் எடுத்துக்கொடுத்த படங்கள்தான். ஓடைப்பட்டியிலிருந்து அண்ணன் வீடியோவில் வந்தார். அங்கே விடியக்காலை. சட்டை மாற்றி, விபூதி பூசி, தாய்மாமன் தோரணையில் உட்கார்ந்திருந்தார்.

"எங்கத்தா மண்டபம்? மரமால்ல இருக்கு?"

"தோட்டத்துல வெச்சிருக்கோம்ணே."

"உன் தோட்டமா? நல்லாருக்கே! வந்தவுகளைக் கவனி, போ. என்கிட்டப் பேசிக்கிட்டு நிக்காத. பந்தியில யாரு நிக்கிறா?"

யாரும் நிற்கவில்லை, அவரவரே எடுத்துச் சாப்பிடுகிறார்கள் என்று சொல்ல மனம் வரவில்லை. சரிண்ணே என்று போனை வைத்துவிட்டு, கையில் ஒரு தட்டோடு நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். உட்கார்ந்தேதான் இருந்தேன். ஒருவர் வந்து எனக்குத் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார்.

எங்கள் பக்கத்தில் விசேஷ வீட்டுக்காரி உட்கார மாட்டாள். வாசலில் நின்று வந்தவர்களை வாங்க என்பாள், பந்திக்குப் பந்தி சாப்பிட்டீகளா என்பாள், கடைசி ஆள் போகிறவரை நின்று வெற்றிலை பாக்குக் கொடுத்து அனுப்புவாள். அவள் சாப்பிட மதியம் மூன்று மணியாகும். அந்த அலுப்பில்தான் அவளுக்குப் பெருமை.

எட்டு மணிக்குக் கூட்டம் கலைந்தது. தோட்டத்து வாசலில் டயானும் எமிலியும் கயலும் வரிசையாக நின்று, போகிறவர்களைக் கட்டிப்பிடித்து அனுப்பிக்கொண்டிருந்தார்கள். என் காலிப் பிரியாணிச் சட்டியைத் தூக்கிக்கொண்டு, கணவருக்குப் பின்னால் நானும் அந்த வரிசையில் நின்றேன். வெளியே போக வேறு வழி இல்லை. டயான் கட்டிப்பிடித்தாள். எமிலி கட்டிப்பிடித்தாள். அடுத்தது கயல். இரண்டு மணி நேரமாகச் சிரித்துச் சிரித்து அவள் முகம் களைத்திருந்தது. எனக்கு முன்னால் போனவரை இன்னும் பார்த்துக் கையசைத்தபடியே, இன்னொரு கையால் என் தோளை அணைத்துக்கொண்டு ஆங்கிலத்தில் சொன்னாள்:

"வந்ததுக்கு ரொம்ப தேங்க்ஸ்."

யாரிடம் சொன்னோம் என்று அவளுக்குத் தெரியவில்லை. எனக்குப் பின்னால் நின்றவரிடமும் அதையேதான் சொன்னாள்.